டிராக்டர் சீட்டா? மெத்தைக்குக் கீழ பாருங்க!

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல சீட்டு சமாச்சாரம்தான். மழை முடிஞ்சு வண்டிய வெளிய எடுக்குற நேரம்ல, எல்லாருக்கும் அப்பதான் முதுகு ஞாபகம் வருது. அதனால கிளட்ச், பேட்டரி கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்தத் தடவை முழுக்க சீட்டுதான்.

கேள்வி: அண்ணே வணக்கம். எங்களுக்கு மன்னவனூரு. அப்பா காலத்துல வாங்குன 35 ஹெச்பி டிராக்டர் இன்னமும் ஓடுது, எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல, சீட்டு மட்டும்தான் போயிருச்சு. பின்பக்கம் ரெண்டு ஸ்பிரிங், நடுவுல ஒரு ஷாக் அப்சார்பர், ரெண்டு பக்கமும் மேலயும் கீழயும் ஆடுற சட்டம், இதான் அமைப்பு. பள்ளத்துல இறங்குனா டமார்னு கீழ போயி இரும்புல இடிக்குது, உக்காந்தா ஒரு பக்கமா வேற சாயுது. எடைக்கு ஏத்த மாதிரி திருப்புற குமிழ் துருப்பிடிச்சு சுத்தவே மாட்டேங்குது. கழட்டி எறிஞ்சுட்டு புதுசு போடுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அப்பா உக்காந்த சீட்டுண்ணே, மனசு வரல. நாமளே பிரிச்சு சரி பண்ணலாமா?
(வாசகர், மன்னவனூர்)

பதில்: தாராளமா பண்ணலாம் தம்பி. சட்டம் நடுவுல துருப்பிடிச்சு ஓட்டை விழாம இருந்தா சரி, மத்ததெல்லாம் மாத்துற சாமான்தான். சட்டத்துல சந்தேகமா இருந்தா சின்ன சுத்தியல எடுத்து தட்டிப் பாருங்க, நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், உள்ள அரிச்சது மொத்துனு கேக்கும், சில இடத்துல சுத்தியலே உள்ள போயிரும். அப்படி போச்சுன்னா அந்தச் சட்டத்த அளவெடுத்து புதுசா செஞ்சுக்கணும், ஒட்டுப் போடுற வேலை வேணாம்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அந்த ரெண்டு ஸ்பிரிங்கும் சும்மா தொங்கிக்கிட்டு இல்ல, யாரும் உக்காராதப்பவே இழுபட்டுதான் நிக்குது. கொக்கிய ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்புனீங்கன்னா கண்ணுக்கோ விரலுக்கோ வந்துரும். குமிழ் நல்லா சுத்துற சீட்டா இருந்தா முழுசா லூஸ் பண்ணிட்டு கழட்டலாம். உங்களுக்குத்தான் அது இறுகிப் போச்சே, அதனால வேற வழி: ஒரு ஆள சீட்டுல உக்கார வச்சு நல்லா அழுத்தச் சொல்லுங்க, ஸ்பிரிங் நீளும், சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல இடைவெளி தெரியும், அந்த இடைவெளியில ரெண்டு பக்கமும் வாஷரா சொருகிக்கிட்டே வாங்க. ஆள் எந்திரிச்சதும் ஸ்பிரிங் சுருங்க முடியாம நீளமாவே நிக்கும், கொக்கி கையாலயே கழண்டு வரும். கழட்டுன ஸ்பிரிங்க வாஷரோட கீழ போட்டுட்டு அங்கிட்டு இங்கிட்டு உதைக்காதீங்க, வாஷர் தெறிக்கும், ஒரு சாக்கப் போட்டு மூடி வைங்க. கண்ணாடி போட்டுக்கிட்டுதான் இந்த வேலை, சும்மா வெயில் கண்ணாடியாச்சும்.

துருப்பிடிச்ச குமிழுக்கு அவசரம் கூடாது. திருகு மரைய கம்பி பிரஷ்ஷால தேச்சு, துரு எடுக்குற ஆயில அடிச்சு ராத்திரி பூரா ஊற விடுங்க, காலையில ரெண்டு தட்டு தட்டிட்டு திருப்பிப் பாருங்க, வரலேன்னா திரும்ப ஊற விடுங்க. கேஸ் வச்சு சூடு பண்ணலாம்தான், ஆனா சீட்டு வண்டியில இருக்கும்போது பண்ணாதீங்க. பக்கத்துலயே டீசல் டேங்க், மேல ஃபோம். மொத்தமா கழட்டி தரையில வச்சு, ஃபோம், ரப்பர், ஷாக் அப்சார்பர் எல்லாத்தையும் எடுத்துட்டு அப்புறம் சூடு பண்ணுங்க. மூடியிருக்க ஷாக் அப்சார்பர் மேல நெருப்பு படவே கூடாது. வெல்டிங்கும் அப்படித்தான், சீட்ட கழட்டி எடுத்துட்டுப் போயி பண்ணுங்க, வண்டி மேல வச்சுப் பண்ணுனா பேட்டரி ஒயர், ஆல்டர்னேட்டர்னு எங்கயாவது வம்பு வரும்.

இப்ப ஒரு பக்கமா சாயுதுன்னு சொன்னீங்கல்ல, நெறைய பேரு அதுக்கு ஒரு ஸ்பிரிங் தளந்துருச்சுன்னு நெனைப்பாங்க. பெரும்பாலும் அது இல்ல, புஷ் தேஞ்சிருக்கும். சட்டம் ஆடுற ஒவ்வொரு முனையிலயும் ஒரு பின்னு, அதச் சுத்தி ஒரு சின்ன குழாய், அதான் புஷ். புஷ் தேஞ்ச பெறகு பின்னு நேரா இரும்புல உரசி ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். இதுக்கு நம்ம ஊருல பண்ற வைத்தியம், கொஞ்சம் பெரிய போல்ட்டா எடுத்து அடிச்சு ஏத்துறது. நாலு மாசம் நிக்கும், அப்புறம் பழைய கதைதான், ஏன்னா போல்ட்டோட மரை அரம் மாதிரி ஓட்டைய அறுத்துக்கிட்டே இருக்கும். சட்டத்த எடுத்துக்கிட்டு வத்தலக்குண்டோ பழனியோ இறங்குறப்ப ஒரு லேத்து பட்டறையில குடுங்க, ஓட்டைய வட்டமா பெருசு பண்ணி கன்மெட்டல்ங்கிற வெண்கல புஷ்ஷோ நைலான் புஷ்ஷோ கடைஞ்சு ஏத்திருவாங்க. பின்னுக்கு, புஷ்ஷுக்குள்ள வர்ற பகுதி பூரா வழவழன்னு இருக்குற போல்ட்டு வேணும், மரை வெளிய நெட்டு போடுற எடத்துல மட்டும் இருந்தா போதும். போல்ட்டு தலையில 8.8னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. நெட்டு நைலான் வளையம் வச்சதா இருக்கட்டும், சாதா நெட்டு இந்த அதிர்ச்சிக்கு தானா கழண்டுக்கும்.

நைலான் புஷ் போட்டா கிரீஸ் அடிக்காதீங்க. கிரீஸுல நம்ம மண்ணு ஒட்டிக்கிட்டா அது மசகு இல்ல, தேய்க்கிற பசை. கன்மெட்டலுக்கு கிரீஸ் வேணும், அதுக்கு நிப்பிள் போட எடம் இருந்தா போட்டுக்கங்க, இல்லேன்னா நைலானே நல்லது.

ஷாக் அப்சார்பர் செத்துருச்சான்னு பாக்க, கழட்டி, வண்டியில எப்படி நின்னுச்சோ அதே மாதிரி நிமுத்திப் பிடிச்சு மேலயும் கீழயும் நாலஞ்சு தடவ இழுத்து விடுங்க. ஒரே சீரா கனமா வந்தா உயிர் இருக்கு. நடுவுல எங்கயாவது பிடிப்பே இல்லாம சட்டுனு ஓடுச்சுன்னா, இல்ல தண்டுல ஆயில் வழிஞ்சிருந்துச்சுன்னா, புதுசுதான். படுக்க வச்சிருந்த புது ஷாக்கையும் மாட்டுறதுக்கு முன்னாடி இப்படி நிமுத்தி வச்சு இழுத்து விட்டுட்டு மாட்டுங்க, படுக்க வச்சிருந்தா உள்ள காத்து எடம் மாறியிருக்கும். மார்கழி, தை பனியில காலையில முதல் ஓட்டத்துல சீட்டு வெறைப்பா இருந்தா பயப்படாதீங்க, உள்ள இருக்க ஆயில் குளுருல கெட்டியாயிருக்கும், கொஞ்ச தூரம் ஓடுனா சரியாயிரும்.

டமார்னு இடிக்கிறதுக்கு ஷாக் மட்டும் காரணமா இருக்காது, கீழ ஒரு ரப்பர் கட்டை இருந்திருக்கும், அது உதுந்து போயி வருசக்கணக்காயிருக்கும். அந்த எடத்துல வெறும் போல்ட்டு ஓட்டை மட்டும் தெரியும், பாருங்க. கடையில கேட்டா ரப்பர் பஃபர்னு குடுப்பாங்க. பழைய லாரி டயர வெட்டி வைக்கிறது வேணாம், அது ரொம்ப கல்லு.

கடைசியா நான் முதல்ல சொல்லியிருக்க வேண்டிய விஷயம். சீட்டு முன்னாடி பின்னாடி நகர்ற தண்டவாளம் இருக்கு பாருங்க, அதோட பூட்டு. சமவெளியில அது தேஞ்சா தொல்லை, அவ்வளவுதான். மலையில அது உசுரு. ஏத்தத்துல கியர் போட்டு கிளட்ச்ச விடுறப்ப பூட்டு நழுவுச்சுன்னா ஆளு பின்னாடி போயிருவாரு, கால் பிரேக்குக்கு எட்டாது. பூட்டுப் பல்லு மழுங்கியிருந்தா அரத்தால ராவி கூர் பண்ணுறது வேணாம், ரெண்டு பக்கத்து தண்டவாளத்தையும் ஜோடியா மாத்திருங்க. மாத்துன பெறகு சக்கரத்துக்கு கட்டை குடுத்து, எஞ்சின அணைச்சுட்டு, பிரேக்க ரெண்டு காலாலயும் முழு பலத்தோட மிதிச்சு முதுக பின்னாடி தள்ளிப் பாருங்க. ஒரு பல்லு கூட நழுவக் கூடாது. சீட்டு அடிப்பலகைய வண்டியோட பிணைக்கிற போல்ட்டும் அப்படித்தான். ஆனா அங்க ஒரு எச்சரிக்கை, சில வண்டியில அந்த ஓட்டை ஹைட்ராலிக் மூடியோட மேல்பக்கத்துல இருக்கும், பழச விட நீளமான போல்ட்ட போட்டு இறுக்குனா அடியில போயி முட்டிக்கும், இறுகுன மாதிரி தெரியும், உண்மையில சீட்டப் பிடிச்சிருக்காது. பழைய போல்ட்டோட நீளத்த அளந்து வச்சுக்கங்க.

பெயின்ட் எல்லாம் உங்க இஷ்டம். துருவ நல்லா தேச்சு ரெட் ஆக்சைடு அடிச்சு மேல எனாமல். பனிமூட்டம் இல்லாத நாளாப் பாத்து அடிங்க, ஈர இரும்புல அடிச்சா அடியிலயே துரு கெளம்பும். ஷாக் தண்டுலயும் குமிழ் மரையிலயும் பெயின்ட் படாம டேப் சுத்திருங்க.

எல்லாம் மாட்டுன பெறகு குமிழ வச்சு எடைய செட் பண்ணணும். யாரும் உக்காராதப்ப சீட்டு எவ்வளவு உயரம், முழுசா அமுங்குனா எவ்வளவு, ரெண்டையும் சட்டத்துல சாக்பீஸால குறிச்சுக்கங்க. நீங்க உக்காந்தா ரெண்டு கோட்டுக்கும் நடுவுல வரணும். நீங்க ஒல்லி, உங்க மாமா தடின்னா அவரு ஏறுறப்ப திருப்பிக்கணும், அதுக்குத்தான அந்தக் குமிழ வச்சிருக்கான். ஒரு தடவ செட் பண்ணிட்டு குடும்பமே ஓட்டுற கதை வேணாம்.

கேள்வி: ஐயா, பழைய சீட்டு ஸ்பிரிங் ரொம்ப தொஞ்சு போச்சுன்னு கடையில கேட்டேன். அதே நீளம், ஆனா கம்பி தடிமனா இருக்குறதா குடுத்து இது உங்க ஆயுசுக்கும் தாங்கும்னாரு. மாட்டுன பெறகு சீட்டு தொங்கல, நல்லாத்தான் நிக்குது. ஆனா ஓட்டுனா முன்ன விட அதிகமா குதிக்குது! இது என்ன மாயம்?
(வாசகர், கவுஞ்சி)

பதில்: மாயமெல்லாம் இல்லங்க, கணக்கு. சுருள் ஸ்பிரிங்கோட வெறைப்பு கம்பி தடிமனோட நாலாவது அடுக்குல ஏறும். 6 மில்லி கம்பிக்குப் பதிலா 7 மில்லி போட்டா, பாக்குறதுக்கு ஒரே ஒரு மில்லிதான், ஆனா வெறைப்பு கிட்டத்தட்ட 1.85 மடங்கு ஆயிரும், சுத்தோட அகலமும் எண்ணிக்கையும் அதேதான்னு வச்சுக்கிட்டாலே. சில பேரு ஸ்பிரிங் தளந்துருச்சுன்னு ரெண்டு சுத்த வெட்டி எடுத்துட்டு திரும்ப கொக்கி வளைப்பாங்க, அதுலயும் வெறைப்பு கூடத்தான் செய்யும், 10 சுத்துல 2 போனா கால்வாசி கூடிரும்.

கூடுனா என்னவாம், தாங்குதேன்னு கேப்பீங்க. சொல்றேன். எந்த ஸ்பிரிங் மேல எந்த எடைய வச்சாலும் அதுக்குன்னு ஒரு ஆட்ட வேகம் இருக்கு. நல்ல சஸ்பென்ஷன் சீட்டுல ஆளோட சேத்து அது நொடிக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு தடவைக்குள்ள இருக்கும். டிராக்டர் டயர் மேல குதிக்கிற வேகம் பெரும்பாலும் நொடிக்கு ரெண்டுல இருந்து நாலு தடவ. ஊஞ்சல அது வர்ற நேரம் பாத்து தள்ளுனா மேல மேல போகுமில்ல, அதே மாதிரி டயர் குதிக்கிற வேகமும் சீட்டோட சொந்த ஆட்டமும் ஒண்ணாயிருச்சுன்னா சீட்டு அதிர்ச்சியக் குறைக்காது, கூட்டித் தரும். சீட்டு அதிர்ச்சியக் குறைக்க ஆரம்பிக்கிறதே தன்னோட சொந்த வேகத்துல சுமாரா 1.4 மடங்குக்கு மேலதான். உங்க பழைய சீட்டு நொடிக்கு 1.5 தடவ ஆடுற சீட்டுன்னு வைங்க, 2.1க்கு மேல வர்ற குலுக்கல எல்லாம் குறைக்கும். வெறைப்பு 1.85 மடங்கு ஆனதும் சொந்த ஆட்டம் 2க்கு ஏறிருச்சு, இப்ப 2.9க்கு மேலதான் குறைக்கும். அதாவது டயர் அதிகமா குதிக்கிற எடத்துலயே போயி உக்காந்துட்டீங்க. இதுக்கு வெறும் இரும்புத் தட்டு சீட்டே தேவலாம்.

அப்ப மெல்லிசு ஸ்பிரிங் போட்டா தொங்காதான்னா, தொங்கும், அதுக்காகத்தான் அத மொதல்லயே இழுத்துக் கட்டி வச்சிருக்கான். நீளமான மெது ஸ்பிரிங்க முன்னாடியே இழுத்து வச்சுட்டா, ஆளு உக்காந்ததும் பாதி வழியிலயே நிப்பாரு, ஆனா ஆட்டம் மெதுவாவே இருக்கும். தடி ஸ்பிரிங்கும் அதே உயரத்துலதான் நிறுத்தும், ஆட்டம்தான் வேற. கடைக்காரரு உயரத்த மட்டும் பாத்தாரு, அவர் மேல தப்பு சொல்றதுக்கில்ல, தாங்குற ஸ்பிரிங் கேட்டீங்க, தாங்குற ஸ்பிரிங் குடுத்துட்டாரு.

சந்தேகம்னா வீட்டுலயே அளந்து பாத்துரலாம். ஷாக் அப்சார்பரோட ஒரு முனைய கழட்டி விட்டுட்டு, நின்ன வண்டியில நீங்க உக்காந்து, ஒருத்தர தோளப் பிடிச்சு அமுக்கி விடச் சொல்லுங்க. சீட்டு மேல கீழ போறத பத்து நொடிக்கு எண்ணுங்க, கீழ போயி மேல வந்தா ஒண்ணு. 15 கிட்ட வந்தா அருமை. 20 தாண்டுச்சுன்னா ஸ்பிரிங் வெறைப்பு. துரு பிடிச்ச புஷ்ஷோட இத எண்ணாதீங்க, பத்து நொடி ஆடவே ஆடாது. அப்புறம் ஷாக்க மாட்டிட்டு திரும்ப அமுக்கி விட்டா ஒண்ணு ரெண்டு ஆட்டத்துல நிக்கணும்.

பழைய ஸ்பிரிங் தொஞ்சதுன்னு சொன்னீங்களே, தூக்கிப் போட்டுரலையே? அத எடுத்து கம்பி தடிமன வெர்னியர்ல அளங்க, வெளி அகலம், சுத்து எண்ணிக்கை, கொக்கியிலிருந்து கொக்கி நீளம் எல்லாத்தையும் எழுதிக்கிட்டு ஸ்பிரிங் செய்யுற எடத்துல குடுங்க. மதுரை, கோயமுத்தூர்ல செஞ்சு தருவாங்க. துரு அரிச்ச எடத்துல அளக்காதீங்க, மெல்லிசா காட்டும். கொக்கி உடைஞ்சிருந்தா வெல்டிங் வேணவே வேணாம், சூடு பட்ட எடத்துல ஸ்பிரிங்கோட பதம் போயிரும், ஓட்டுறப்ப முறியும்.

கேள்வி: எவ்வளவு நல்ல ரெக்சின் போட்டாலும் ஒரே மழையில சீட்டு ஊறிருது. உக்காந்தா கால்சட்ட பூரா ஈரம். எந்த ஃபோம் நல்லது?
(வாசகர், பூம்பாறை)

பதில்: ஃபோம் நல்லதா கெட்டதாங்கிறது ரெண்டாவது. தண்ணி தையல் வழியா உள்ள போகத்தான் செய்யும், எந்த ரெக்சினாலயும் அத நிறுத்த முடியாது, போன தண்ணி வெளிய வரணும், அதான் கேள்வி. பழைய காலத்து இரும்புத் தட்டு சீட்டுல அங்கங்க ஓட்டை போட்டிருப்பான் பாத்திருக்கீங்களா, காத்துக்கும் தண்ணி வடியுறதுக்கும்தான். உங்க சீட்டு அடித்தட்டுல பள்ளமான எடமாப் பாத்து நாலஞ்சு ஓட்டை டிரில் பண்ணுங்க. ஒட்டுப்பலகை அடித்தட்டா இருந்தா அது ஏற்கனவே ஊறி உப்பியிருக்கும், இரும்புத் தகட்டுக்கு மாறிருங்க.

ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவுல ஒரு பாலிதீன் தாள் விரிச்சு தைக்கச் சொல்லுங்க. அடியில கெட்டி ஃபோம், மேல கொஞ்சம் மெத்துனு ஒரு அடுக்கு. முழுசும் மெத்துனு போட்டா கடையில உக்காந்து பாக்குறப்ப சொகமா இருக்கும், வயல்ல ஒரே குதியில தகட்டுல இடிக்கும். ரொம்ப தடிமனாவும் போடாதீங்க, சீட்டு உயரம் கூடுனா கிளட்ச் முழுசா மிதிபடாது. வண்டிய நிறுத்துறப்ப சீட்ட முன்னாடி மடக்கி விட்டு மேல ஒரு தார்ப்பாய். தார்ப்பாய இறுக்கிக் கட்டுங்க, நம்ம ஊரு குரங்கு ஒரு தடவ ரெக்சின கிழிச்சு ஃபோம பிச்சுப் பாத்துச்சுன்னா அப்புறம் தெனம் வரும். எலியும் ஃபோமுலதான் குட்டி போடும்.

கேள்வி: அண்ணா, நாங்க நீலகிரியில கேத்தி பக்கம். என் வீட்டுக்காரர் கேரட் காட்டுல உழவும் ஓட்டுறாரு, டிரெய்லர் போட்டு மூட்டையும் ஏத்திட்டுப் போறாரு. சாயங்காலம் ஆனா இடுப்பு பிடிச்சு எந்திரிக்க முடியல. சீட்டு மாத்துனா சரியாகுமா? சீட்டு விலையக் கேட்டா தல சுத்துது.
(ஒரு வாசகி, கேத்தி)

பதில்: தங்கச்சி, சீட்டு ஒரு பங்குதான், முழு மருந்து இல்ல. மொதல்ல இதச் சொல்லிடுறேன்: வலி தொடையத் தாண்டி கால் வரைக்கும் இறங்குச்சுன்னாலோ, காலு மரத்துப் போச்சுன்னாலோ சீட்டப் பத்தி யோசிக்காம டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. மூத்திரம் போறதுல சிரமம்னா அன்னைக்கே, அப்பவே.

உக்காந்திருக்க மனுசனோட முதுகெலும்பு நொடிக்கு 4ல இருந்து 6 தடவ வர்ற மேல் கீழ் குலுக்கலுக்குத்தான் ரொம்ப ஆடும். டிராக்டர் குலுக்கலும் அதுக்கு ரொம்ப தூரமில்ல, அதான் சங்கடம். ஐரோப்பாவுல 2002லயே இதுக்கு சட்டம் போட்டுட்டாங்க, எட்டு மணி நேர வேலைக்கு சராசரி அதிர்ச்சி, மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர்னு அளக்குறது, 0.5 தாண்டுனா முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 1.15 தாண்டவே கூடாதுன்னு. நம்ம வீட்டுல முதலாளியும் அவரே, வேலையாளும் அவரே, யாரு போயி அளக்குறது.

காசு செலவில்லாம குறைக்கிற வழி வேகத்தக் குறைக்கிறதுதான். கரட்டுப் பாதையில ஒரு கியர் கீழ போட்டு ஓட்டச் சொல்லுங்க, எந்த சீட்டும் குடுக்காத பலன அது குடுக்கும். அடுத்து டயர் காத்து. மூட்டை ஏத்துறதுக்காக கெட்டியா அடிச்ச காத்தோட அப்படியே உழவுக்குப் போறாங்க, டயர் கல்லா இருந்தா சீட்டு என்ன பண்ணும்? வண்டி புக்குல உழவுக்கும் ரோட்டுக்கும் போட்டிருக்க அளவப் பாத்து மாத்தணும். அப்புறம் கலப்பையப் பாக்குறதுக்கு ஒடம்ப முழுசா பின்னாடி திருகி வச்சுக்கிட்டே ஓட்டுறது, குலுக்கலும் திருகலும் சேந்தாத்தான் இடுப்பு போகுது. நல்லதா ஒரு கண்ணாடி மாட்டச் சொல்லுங்க. ரொம்ப நேரம் ஓட்டிட்டு எறங்குன ஒடனே கேரட் மூட்டையத் தூக்க விடாதீங்க, கொஞ்ச நேரம் நடக்கட்டும், ஒரு டீ குடிக்கட்டும், மூட்டைய அப்புறம் பாத்துக்கலாம்.

இதெல்லாம் பண்ணிட்டு சீட்டுக்கு வாங்க. புது சீட்டுதான் வேணும்னு இல்ல, மேல மன்னவனூர் தம்பிக்கு சொன்ன மாதிரி புஷ், ஷாக், ரப்பர் கட்டை மூணும் மாத்துனாலே குலுக்கல் நல்லாவே குறையும், அந்த மூணுக்கும் சேத்து புது சீட்டு விலையில சின்ன பங்குதான் ஆகும். மெத்தைய மட்டும் மாத்திட்டு விட்டுராதீங்க, ஜனங்க பண்றதெல்லாம் அதான். டிரெய்லரோட இறக்கத்துல வர்றப்ப ரெண்டு பிரேக் மிதிக்கும் நடுவுல உள்ள பூட்டப் போட்டுக்கறாரான்னும் கேளுங்க. சீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா கேத்தி எறக்கம்னதும் சொல்லத் தோணுச்சு, ஒரு பக்கத்து பிரேக் மட்டும் பிடிச்சா வண்டி திரும்பிரும்.

கேள்வி: சீட்டுக்கு பழைய பைக்கோட பின்னாடி ஷாக் அப்சார்பர் போடலாமா? இல்ல கார் டிக்கிய தூக்குற கேஸ் தண்டு?
(வாசகர், பூண்டி)

பதில்: ரெண்டும் வேணாம். பைக் ஷாக்குல இருக்க ஸ்பிரிங் வண்டியோட எடை, ரெண்டு ஆளு எல்லாத்தையும் தாங்குறதுக்கு செஞ்சது, சீட்டுக்குப் போட்டா கவுஞ்சிக்காரரு கதைதான். ஸ்பிரிங்க கழட்டிட்டு உள்ள இருக்க தண்ட மட்டும் போடலாமேன்னு சில பேரு பண்றாங்க, அது சீட்டோட சின்ன ஆட்டத்துக்கு ரொம்ப இறுக்கம், பல எடத்துல நீளமும் ஒத்து வராது. டிக்கி தண்டு ஷாக்கே இல்ல, கேஸ் அடைச்சு எப்பவும் ஒரே பலமா தள்ளிக்கிட்டு இருக்குற சாமான், ஆட்டத்த நிறுத்தாது. சீட்டு ஷாக்குன்னே தனியா விக்குது. மூடுனா எவ்வளவு நீளம், இழுத்தா எவ்வளவு நீளம், ரெண்டு முனை ஓட்டை அளவு, இத மட்டும் துண்டுச்சீட்டுல எழுதிட்டுப் போனா போதும், வண்டி பேரச் சொல்லக் கூட வேணாம்.

கேள்வி: சின்ன வயசுல அப்பா என்னய மட்கார்டு மேல உக்கார வச்சு ஓட்டுவாரு. இப்ப என் பொண்ணு கேக்குறா. சீட்டு பக்கத்துல சின்னதா இன்னொரு சீட்டு வெல்டு பண்ணித் தருவீங்களா?
(வாசகர், மன்னவனூர்)

பதில்: மாட்டேன். மட்கார்டுல இருந்து நழுவுனா விழுற எடம் பின்சக்கரத்துக்கு முன்னாடி. நீங்க தப்பிச்சீங்க, அவ்வளவுதான். வண்டிய நிறுத்தி, எஞ்சின அணைச்சு, சாவிய உருவி பையில போட்டுக்கிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு கட்டை குடுத்துட்டு பொண்ண உங்க சீட்டுலயே உக்கார வைங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஸ்டீரிங்க திருப்பி வெளையாடட்டும்.